மெலிவின் விலை

பொருளின் விலை உயர உயர அதன் தரமும் உயரும் என்பது கடைத்தெருவிற்குச் செல்லும் ஒவ்வொருவரும் கொண்டுள்ள நம்பிக்கை. பெரும்பாலும் அந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. பொய்க்கின்றபோதோ, அது நம்மை இருவகையில் வருத்துகிறது. கொடுத்த பணம் வீணாவது ஒன்று. "இத்துணை விலை கொடுத்து வாங்கிய பொருளில் குறை இருக்குமா? நம் கையில்தான் ஏதோ பிழை இருக்க வேண்டும்" என்று நம்மை நாமே ஐயுறத் தொடங்குவது மற்றொன்று. முன்னதினும் பின்னதே கொடிது. தன்னை ஐயுறுபவன் முறையிடுவதில்லை. முறையிடுவோர் இல்லாத இடத்தில் குறை திருந்துவதும் இல்லை.

இவ்வுண்மையை விளக்குவதற்கு, விலையுயர்ந்த மடிக்கணினிகளில் அமைந்த வலுவற்ற விசைப்பலகையைக் காட்டிலும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது. கணினி வாங்கும் மாணவர்க்கும், வாங்கித் தரும் பெற்றோர்க்கும், கல்வி நிலையங்களுக்காக மொத்தமாகக் கொள்முதல் செய்யும் பெரியோர்க்கும் இதில் கற்றுக்கொள்ளத்தக்க பாடம் உண்டு.

விரல் தொடும் இடம்

மடிக்கணினியின் உள்ளே இயங்கும் உறுப்புகள் பல. அவை நம் கண்ணுக்கும் கைக்கும் எட்டாதவை. செயலியின் வேகம் சற்றே குறைந்தால் இமைப்பொழுது தாமதமாகும், அவ்வளவே. விசைப்பலகையின் நிலை அத்தகையதன்று. மனிதனும் கருவியும் சந்திக்கும் இடம் அது. ஓர் ஆய்வேட்டை எழுதி முடிப்பதற்குள் ஆய்வாளரின் விரல்கள் இலட்சக்கணக்கான முறை விசைகளைத் தொட்டெழுகின்றன. அவ்விடத்தில் குறை நேரின், உள்ளேயிருக்கும் ஆற்றல் அனைத்தும் பூட்டிய வீட்டிற்குள் இருக்கும் பொருளாகிவிடும்.

ஓலையில் எழுதிய நம் முன்னோர் எழுத்தாணியின் கூர்மையைத்தான் முதலில் நோக்கினர். பிடியில் வேலைப்பாடு இருக்கலாம். கூர் மழுங்கியிருந்தால் அது எழுத்தாணி ஆகாது. இவ்வெளிய அளவுகோல் இன்றைய உலகில் மறக்கப்பட்டது என்பதே நம் கருத்து.

வண்ணத்துப்பூச்சியின் வரலாறு

2015-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 12 அங்குலத் திரை கொண்ட மேக்புக் என்னும் மடிக்கணினியை அறிமுகப்படுத்தியது. அதன் தொடக்க விலை 1,299 டாலர். மிகத் தடித்த இடத்திலும் அதன் தடிமன் 13.1 மில்லிமீட்டரே. அம்மெலிவை எய்துவதற்காக விசைகளின் அடியமைப்பே மாற்றப்பட்டது. அதற்கு முன்னர், கத்தரிக்கோல் போன்று குறுக்காக அமைந்த இரு சிறு கைகள் ஒவ்வொரு விசையையும் தாங்கி நின்றன. புதிய கணினியிலோ, வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளைப் போல் நடுவே மடிந்து விரியும் அமைப்பு புகுத்தப்பட்டது. பழையதைவிட இது 40 விழுக்காடு மெலிந்தது என்று நிறுவனம் பெருமையுடன் அறிவித்தது. 2016-இல் மேக்புக் ப்ரோவிலும், 2018-இல் மேக்புக் ஏரிலும் இவ்வமைப்பே இடம்பெற்றது.

பயனாளர்களின் முறையீடுகள் எழுந்தன. சில விசைகள் அழுத்தியும் பதியவில்லை. சில, ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிந்தன. சில, அழுந்திய நிலையிலேயே ஒட்டிக்கொண்டன. இவ்விசைகள் கீழிறங்கும் தொலைவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அத்துணைக் குறுகிய இடைவெளியில் ஒரு தூசித் துகள் புகுந்தாலும் விசையின் இயக்கம் தடைப்படும். கணினியை 75 பாகை சாய்த்துப் பிடித்து, அழுத்தக் காற்றை இடமிருந்து வலமாகப் பீய்ச்சித் துப்புரவு செய்யுமாறு நிறுவனமே வழிகாட்டியது. எழுதுகருவியை வாங்கியவர் அதனைச் சாய்த்துப் பிடித்துத் தூசி ஊத வேண்டிய நிலை நேர்ந்தது!

பழுது நீக்குவதும் எளிதாயில்லை. விசைப்பலகை மேலுறையோடு தறையப்பட்டிருந்தது. மின்கலமும் அதனோடு ஒட்டப்பட்டிருந்தது. ஆகவே, விசையின் அடியமைப்பு கெட்டால் பலகையை மட்டும் கழற்றி மாற்ற இயலாது. மேலுறை முழுவதையும் மாற்ற நேர்ந்தது. ஓட்டில் ஓர் ஓடு உடைந்ததற்காகக் கூரையையே பிரிப்பது போன்றது இது.

2018 மே மாதத்தில் கலிபோர்னியாவில் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டது. அடுத்த மாதமே, வாங்கிய நாளிலிருந்து நான்காண்டுகள் வரை இலவசமாகப் பழுது நீக்கித் தரும் திட்டத்தை நிறுவனம் அறிவித்தது. சூலையில் வந்த கணினிகளில் விசைகளின் கீழே மெல்லிய சிலிகோன் சவ்வு சேர்க்கப்பட்டிருந்தது. எனினும் குறை முற்றும் நீங்கவில்லை. 2019 மார்ச்சில் 'தி வால் ஸ்டிரீட் ஜர்னல்' இதழின் எழுத்தாளர் ஜொவான்னா ஸ்டெர்ன், 'ஈ', 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்துகள் விடுபட்ட நிலையிலேயே தம் கட்டுரையை வெளியிட்டு, விசைப்பலகையின் கோளாற்றை உலகறியச் செய்தார். சிறு தொகையினர்க்கே இச்சிக்கல் என்று கூறிய நிறுவனம், அவர்களிடம் வருத்தம் தெரிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய கத்தரிக்கோல் அமைப்பு திரும்பியது. விசை இறங்கும் தொலைவும் ஒரு மில்லிமீட்டராயிற்று. 2020 மே மாதத்தில் வண்ணத்துப்பூச்சி முற்றிலும் விடைபெற்றது.

வழக்கு 2022-இல் 5 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. குற்றத்தை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் வாங்கியவர்க்கு மட்டுமே அவ்விழப்பீடு உரியது. நம் நாட்டில் அதே கணினியை வாங்கியவர்க்கு அதில் பங்கில்லை.

முன்னர் நிகழ்ந்த ஒன்று

இதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடந்துள்ளது. 1983 நவம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் வீட்டுப் பயனுக்கென 'பி.சி. ஜூனியர்' என்னும் கணினியை அறிவித்தது. அதன் விசைகள் தட்டச்சுப் பொறியின் விசைகளைப் போலன்றிச் சிறுசிறு கட்டைகளாக, ஒன்றுக்கொன்று விலகி நின்றன. தட்டச்சுப் பழகிய விரல்களுக்கு அது ஒவ்வவில்லை, கண்டனங்கள் குவிந்தன. 1984 சூலையில் நிறுவனம் தட்டச்சுப் பொறியை ஒத்த புதிய விசைப்பலகையை வெளியிட்டது. ஏற்கெனவே கணினி வாங்கியிருந்தோர்க்கும் அதனை விலையின்றி மாற்றித் தந்தது. கணினியோ சந்தையில் நிலைக்கவில்லை. 1985-இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்குதல் வேண்டும். முன்னதில், பழைய பலகையைக் களைந்து வேறு வகைப் பலகையையே கொடுத்தனர். குறை அறிவித்து ஓராண்டு முடியும் முன்பே தீர்வு வந்தது. பின்னதில், பழுதான பலகைக்கு ஈடாகப் பெரும்பாலும் அவ்வகைப் பலகையே மீண்டும் பொருத்தப்பட்டது. அமைப்பை முற்றிலும் கைவிட ஐந்தாண்டுகள் ஆயின. ஐ.பி.எம். பலகை பெட்டியினின்று தனித்து நின்றது. ஆதலின் மாற்றுதல் எளிதாயிற்று. ஆப்பிள் பலகை உடலோடு ஒட்டி நின்றது. ஆதலின் மாற்றுதல் அரிதாயிற்று. பிரித்து மாற்ற இயலாதவாறு ஒரு பொருளைச் செய்பவர், அதில் குறையே நேராது என்ற பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது நடுநிலையாளர் எவரும் ஒப்பும் நீதியன்றோ?

தமிழ் எழுதுவோர்க்குக் கூடுதல் இடர்

இரண்டு எழுத்துகள் இல்லாத ஆங்கிலத்தை ஒருவாறு ஊகித்துப் படித்துவிடலாம். தமிழில் நேரும் இடரோ நுட்பமானது. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான 'தமிழ் 99' விசைப்பலகை முறையில், ஒரே மெய்க்குரிய விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்தின் மீது தானாகவே புள்ளி அமையும். இது எழுதுவோர்க்கு உழைப்பைக் குறைக்கும் அரிய ஏற்பாடு. ஆனால், ஒருமுறை தட்டியதை இருமுறையாகப் பதியும் கோளாறுற்ற பலகையில் இதே ஏற்பாடு பொருளை மாற்றிவிடும். 'படு' என்று எழுத முனைந்தால் 'பட்டு' என்று வரும். 'எடு' என்பது 'எட்டு' ஆகும். 'பாடு' என்பது 'பாட்டு' ஆகும். இவை யாவும் தமிழில் உள்ள சொற்களே. ஆதலின் பிழைதிருத்தி மென்பொருளும் இவற்றை எளிதில் கண்டுகொள்ளாது. புள்ளிக்குரிய விசை பதியாமற் போயின், 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். ஆங்கில எழுத்துகளின் வழி ஒலிபெயர்த்துத் தட்டுவோர்க்கும் இவ்விடர் உண்டு. அகரத்திற்குரிய விசை இருமுறை பதிந்தால் 'கல்' 'கால்' ஆகும்.

ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளியிடாது எழுதும் வழக்கம் இருந்தமையால், பழைய நூல்களைப் பதிப்பித்த பெரியோர் எத்துணை இடர்ப்பட்டனர் என்பதைத் தமிழ்த்துறை மாணவர்கள் அறிவர். அன்று ஓலையின் இயல்பு அதற்குக் காரணமாயிற்று. இன்று உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய கருவி அக்காரணமாக அமையலாகாது.

மெலிவு குற்றமா?

மெலிவே கூடாது என்பது நம் வாதமன்று. நாள்தோறும் பேருந்தில் நின்றுகொண்டே கல்லூரிக்கு வரும் மாணவர்க்குத் தோள்பையின் எடை குறைவது பெரும் உதவியே. வண்ணத்துப்பூச்சி விசைகளை விரும்பிப் பயன்படுத்தியோரும் இருந்தனர். அனைவர்க்கும் பழுது நேர்ந்ததாகக் கூறுவதும் முறையன்று. ஆயினும், மெலிவு என்பது பயனுக்கு மேல் சேரும் சிறப்பாக இருத்தல் வேண்டும். பயனை உண்டு வளரும் சிறப்பாக இருத்தலாகாது.

"தனியே ஒரு விசைப்பலகையை வாங்கி இணைத்துக்கொண்டால் போயிற்று" என்பாரும் உளர். அவசரத்திற்கு அது உதவும். தேர்வுக் காலத்தில் வேலை நின்றுவிடாமல் காக்கும். அதனையே தீர்வாகக் கொண்டால், ஒரே பொருளுக்கு இருமுறை விலை கொடுத்தவர்களாவோம். எடுத்துச் செல்வதற்கென்றே வாங்கிய கருவியுடன் மற்றொன்றையும் சுமப்பவர்களாவோம். செய்தவரோ தம் குறையை அறியாமலே இருந்துவிடுவார்.

செய்யத்தக்கன

முதலாவதாக, வாங்குமுன் தட்டிப் பார்த்தல் வேண்டும். துணி வாங்குவோர் விரலால் தடவிப் பார்க்கின்றனர். கணினி வாங்குவோரோ, அட்டையில் அச்சிட்ட எண்களைப் படித்துவிட்டுப் பணத்தைச் செலுத்துகின்றனர். கடையிலேயே ஒரு பக்கமேனும், தமிழில் எழுதுவோர் தமிழிலேயே, தட்டிப் பார்ப்பது இழுக்கன்று. விசைப்பலகையைத் தனியே மாற்ற இயலுமா, அதற்கு என்ன செலவாகும் என்று கேட்டறிதலும் இன்றியமையாதது.

இரண்டாவதாக, குறை தென்பட்ட முதல் நாளையே குறித்துவைத்தல் வேண்டும். விசை இருமுறை பதிவதைக் கைப்பேசியில் படம் பிடித்துவைத்தல் நன்று. பழுது நீக்கும் நிலையத்தில் கொடுக்கும்போது, இன்ன குறைக்காகப் பெற்றுக்கொண்டோம் என்று எழுதிய சீட்டைப் பெறாமல் திரும்பலாகாது. 'துடைத்துக் கொடுத்துவிட்டோம்' என்னும் வாய்மொழி, உத்தரவாதக் காலம் முடிந்தபின் எவர்க்கும் உதவாது.

மூன்றாவதாக, சட்டத்தின் துணையை நாடத் தயங்கலாகாது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 சூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையை நீக்கித் தரவோ, மாற்றுப் பொருள் வழங்கவோ, விலையைத் திருப்பித் தரவோ ஆணையிடும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கு உண்டு. ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு முறையீட்டுக் கட்டணம் இல்லை. வழக்கிற்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து ஈராண்டுக்குள் முறையிடல் வேண்டும். 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் வழிகாட்டுதலைப் பெறலாம்.

நான்காவது, கல்வி நிலையங்களை நடத்தும் பெரியோர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள். கணினிக் கொள்முதலுக்கான பட்டியல்களில் செயலி, நினைவகம், திரை ஆகியவற்றின் அளவுகள் வரிசையாக இடம்பெறுகின்றன. விசைப்பலகையைப் பற்றி ஒரு வரியேனும் சேர்ப்போமாக. மாதிரிக் கணினி ஒன்றைத் தட்டச்சுப் பழகிய ஓர் அலுவலரிடமும், தமிழில் ஆய்வு செய்யும் ஒரு மாணவரிடமும் சில நாள் கொடுத்து, அவர்தம் கருத்தைக் கேட்டபின் முடிவு செய்வோமாக. செலவில்லாத சோதனை இது. பின்னர் வரும் பெருஞ்செலவைத் தடுக்கவல்லது.

மாணவ நண்பர்களே! உலகின் செல்வம் மிக்க நிறுவனங்களுள் ஒன்று தன் வடிவமைப்பைக் கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பியது, பயனாளர்கள் தம் விரல்களை நம்பியதால்தான். "என் கை சரியாகத்தான் தட்டியது, கருவிதான் பதியவில்லை" என்று அவர்கள் உறுதியாக உரைத்தனர். விலைச்சீட்டைக் கண்டு வாயடைத்து நின்றிருந்தால், அப்பலகை இன்றும் விற்பனையில் இருந்திருக்கும். பொருளின் பெருமையைப் பேசுவது விற்பவர் தொழில். அதன் பயனை அளந்து சொல்வது வாங்குபவர் கடமை. அக்கடமையை நாம் விட்டுக்கொடுத்தல் ஆகாது.