சென்னை யாருடைய கோட்டை?

"சென்னை திமுகவின் கோட்டை" என்ற பேச்சு, 1959ல் அக்கட்சி மாநகராட்சியைப் பிடித்த நாளிலிருந்தே இருக்கிறது. 2021ல் நகரின் 16 சட்டமன்றத் தொகுதிகளையும் அதன் கூட்டணி வென்றதும் பேச்சு இன்னும் உறுதியானது. ஆனால் 2011ல் இதே 16ல் திமுகவுக்குக் கிடைத்தவை இரண்டுதான். கொளத்தூரில் ஸ்டாலின் மூவாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் கரையேறினார். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் மூன்று தொகுதிகளும் அதிமுகவுக்குப் போயின. கோட்டைக்கு இத்தனை வாசல்களா?

2011ல் திமுகவுக்கு மிஞ்சிய இன்னொரு தொகுதி சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பகுதி. அதிமுக அணியில் மனிதநேய மக்கள் கட்சியின் தமிமுன் அன்சாரி நின்றார். நகரெங்கும் அந்த அணிக்கு அலை அடித்தும் வென்றவர் ஜெ. அன்பழகன். வேட்பாளரின் பெயரைப் பார்த்தே நம் பகுதி ஓட்டு விழுந்துவிடும் என்று டிவி விவாதங்களில் சொல்பவர்களின் கணக்கு அங்கே பலிக்கவில்லை.

ஆனால் சென்னையின் உண்மையான குணம் வேறு. அது வாக்குச்சாவடிக்கு வராத நகரம். 2022 மாநகராட்சித் தேர்தலில் பதிவானது சுமார் 43 சதவீதம். 2024ல் தமிழகம் முழுவதும் 69 சதவீதத்தைத் தாண்டியபோது மத்திய சென்னையிலும் தென் சென்னையிலும் 54ஐ ஒட்டியே நின்றது. (அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் விரலில் மை இருந்தது?) அந்த இரண்டு தொகுதிகளிலும் இரண்டாமிடம் பாஜகவுக்கு. பாதிப் பேர் வீட்டில் இருக்கும் ஊரில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சுவாமிமலை, கும்பகோணம் பக்கமிருந்து மண்ணடிக்கும் பெரியமேட்டுக்கும் பிழைக்கப் போன நம் பிள்ளைகளுக்கும் இதில் பங்கிருக்கிறது. வேலை சென்னையில், ஓட்டு ஊரில். தேர்தலன்று லீவு கிடைத்தால் பஸ்ஸில் இடமிருக்காது. இரண்டு இடத்திலும் ஓட்டு விழாமலே பல தேர்தல்கள் போய்விட்டன.

இப்போது பெயருக்கே ஆபத்து. சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழகத்தில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அதில் சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, வீடு மாறியவர்களும் விசாரிக்க வந்தபோது வீட்டில் இல்லாதவர்களும் இதில் அடக்கம். வாடகை வீட்டில் இருப்பவருக்கு இந்தக் கடைசி இரண்டும் அன்றாட நிலை.

பெயர் நீங்கியவர்கள் படிவம் 6ம், ஊரிலுள்ள பெயரைச் சென்னைக்கு மாற்றுபவர்கள் படிவம் 8ம் கொடுக்க வேண்டும். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் பலரிடம் இருக்காது. அந்த முகவரியில் கேஸ் பில்லோ வங்கிப் பாஸ்புக்கோ இருந்தாலும் ஏற்பார்கள். மண்ணடி, திருவல்லிக்கேணி ஜமாஅத்துகள் நாலு வாரம் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் மேசை போட்டு, படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு கல்லூரி மாணவர்களை உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.