அடிக்கடி அடைக்கும் டாய்லெட்: ஆசிட்டை எடுப்பதற்கு முன் சேம்பரைத் திறந்து பாருங்கள்

ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் இறங்காமல் மேலே ஏறி வருகிறது. ஒரு பாட்டில் ஆசிட், நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் அப்போதைக்குச் சரியாகிவிடும். பத்து நாளில் மறுபடியும் அதே கதை. கள்ளக்குறிச்சி டவுனில் வாடகை வீடோ, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் சொந்த வீடோ, அடிக்கடி அடைக்கிறது என்றால் எங்கோ நிரந்தரமாக ஒரு கோளாறு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் தள்ளிப்போட்டால், கடைசியில் யாரையாவது தொட்டிக்குள் இறக்குவதில் போய் நிற்கும். அந்த நிலைமை வரவே கூடாது.

அடைப்பு எங்கே இருக்கிறது?

வீட்டுக்கு வெளியே இருக்கும் சேம்பர் மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் காற்றோட விட்டு, தள்ளி நின்று பாருங்கள்.

* சேம்பர் காலியாக இருந்தால், அடைப்பு கோப்பைக்கும் சேம்பருக்கும் நடுவில். பெரும்பாலும் நாப்கின், டயப்பர், வெட் வைப்ஸ், முடி, ஷாம்பு பாக்கெட்தான் காரணம். ரப்பர் பம்பும் ஸ்பிரிங் கம்பியும் போதும்.
* சேம்பரில் தண்ணீர் தேங்கி நின்றால், பிரச்சினை அதைத் தாண்டி. டேங்குக்குப் போகும் பைப் அடைத்திருக்கலாம், அல்லது செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கலாம். கோப்பையில் எதை ஊற்றினாலும் பலன் இல்லை.
* 'களக் களக்' என்று சத்தம் வந்து மெதுவாக இறங்கினால், மொட்டை மாடி வரை போகும் வென்ட் பைப்பைப் பாருங்கள். குருவிக் கூடு, இலைச் சருகு அடைத்திருக்கலாம்.
* மழைக்காலத்தில் மட்டும் தொல்லை என்றால், உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள மண் ஏற்கெனவே ஈரத்தில் ஊறியிருக்கும். வெளியேறும் தண்ணீரை அது இழுக்காது.

ஆசிட் ஏன் வேண்டாம்?

நாப்கினையோ டயப்பரையோ ஆசிட் கரைக்காது. செப்டிக் டேங்கில் கழிவை மட்க வைக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். டாய்லெட் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடவே போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்னக் கழிப்பறையில் அது உயிருக்கே ஆபத்து.

மலை கிராமங்களில் கவனிக்க வேண்டியவை

2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் கிராமப்புறங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டது இரட்டைக் குழிக் கழிப்பறை. ஒரு குழியை மட்டும் பயன்படுத்த வேண்டும். அது நிரம்பியதும் சேம்பரில் வழியை மாற்றி அடுத்த குழிக்கு விட வேண்டும். ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தால் முதல் குழியில் இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். கட்டும்போதே இரண்டு வழியையும் திறந்து விட்டுவிட்டால் இரண்டு குழியும் ஒரே நேரத்தில் நிரம்பும். அப்புறம் மாற்றிவிட இடம் இருக்காது.

கோப்பையும் முக்கியம். இதற்கென்றே செங்குத்தான சரிவு உள்ள 'ரூரல் பேன்' இருக்கிறது. இரண்டு லிட்டர் தண்ணீரே அதற்குப் போதும். தண்ணீரைக் குடத்தில் சுமந்து வரும் வீட்டில் நகரத்துக் கோப்பையைப் பதித்தால், அடைப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கட்டிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காமல், கொத்தனாருக்கும் குடும்பத்துக்கும் இதைச் சொல்லித் தருவது ஊராட்சிகளின் பொறுப்பு. செப்டிக் டேங்க் வைத்த வீடுகளுக்கு, மலைப் பாதையில் ஏறக்கூடிய சிறிய உறிஞ்சு வண்டிகளும் தேவை.

தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது

செப்டிக் டேங்கை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை இயந்திரம் மூலம் காலி செய்ய வேண்டும். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் வாயுக்கள் இருக்கும், ஆக்சிஜன் குறைவாக இருக்கும். இறங்கியவர் சில நொடிகளில் மயங்குவார். காப்பாற்றப் போகிறவரும் விழுவார்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். கான்ட்ராக்டருக்கு மட்டுமல்ல, கூலி பேசி அழைத்து வரும் வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். கழிவுநீர்ப் பணியில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனாலும் "ஐந்நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறோம், கொஞ்சம் இறங்கிப் பாருப்பா" என்று சொல்வது இன்னும் நின்றபாடில்லை. சட்டம் அரசாங்கத்துடையதாக இருக்கலாம்; அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

டேங்க் சுத்தம் செய்ய 14420 என்ற இலவச எண்ணை அழையுங்கள், அல்லது உள்ளாட்சி அலுவலகத்தில் உரிமம் பெற்ற லாரி எது என்று கேளுங்கள். வண்டி வந்ததும் "இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?" என்றும் கேளுங்கள். கல்வராயன் ஓடைகளில் கொட்டுவது கோமுகி ஆற்றுக்குத்தான் போய்ச் சேரும்.