கேம் போட்டிக்கு ஸ்பான்சர் யார்?

1/ திருவண்ணாமலையில மொபைல் கேம் டோர்னமென்ட் நடத்த ஸ்பான்சர் தேடுறாங்க எங்க ஏரியா பசங்க. "சார், திட்டாதீங்க"ன்னு சொல்லிட்டுதான் என்கிட்ட கேட்டாங்க. திட்டல. தாராளமா நடத்துங்க. ஆனா யார்கிட்ட வாங்குறீங்கன்னு பாருங்க.

2/ பணம் கட்டி ஆடுற ஆப் எதுவும் வேண்டாம். 2025 மத்திய சட்டம் அந்த ஆட்டத்தையும் அதன் விளம்பரத்தையும் தடை செய்யுது. இந்திய கிரிக்கெட் ஜெர்ஸியிலிருந்தே ட்ரீம்11 பேர் போயிடுச்சு. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டா ஏத்துக்குது.

3/ எனர்ஜி டிரிங்கும் வேண்டாம். 250 மி.லி. கேன்ல 75 மி.கி. வரை காஃபின் இருக்கலாம். குழந்தைகளுக்கு வேண்டாம்னு கேன்லயே அச்சடிச்சிருக்கும். ஆட வர்றவங்கள்ல ஸ்கூல் பசங்களும் உண்டு. தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும்.

4/ அப்போ யார்? 14 கி.மீ. கிரிவலப் பாதையில அன்னதானம் போடுற ஊருங்க இது. கொடுக்கிற மனசு இருக்கு. காசா கேக்காம பொருளா கேளுங்க: செல்போன் கடையில ஹெட்போன், ஹோட்டல்ல மதிய சாப்பாடு, கேபிள்காரர்கிட்ட நெட். பேனர்ல அவங்க பேர் போடுங்க.

5/ பௌர்ணமி, தீபம் நாள்ல வைக்காதீங்க. இருட்டுறதுக்குள்ள முடிங்க. ராத்திரி ரூமைப் பூட்டிட்டுத் தனியா ஆடுற பையனைப் பத்திதான் எனக்குக் கவலை. அப்பா அம்மா உக்காந்து பாக்க, நாலு பேரோட ஆடுறது வேற.

தண்ணி கேன் என் கணக்கு.