எத்தனையாவது என்ற கேள்வி

எத்தனையாவதாக வந்தாய் என்பதே விளையாட்டைப் பற்றி நம் வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுதான். ஒன்பதாம் வகுப்பு வரை பந்தைத் தொட அனுமதிக்கப்படும் பிள்ளை, பத்தாம் வகுப்பில் அதைப் பரண்மேல் போட்டுவிட வேண்டும். மேற்கொண்டும் ஆட விடுகிறார்கள் என்றால், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ அரசு வேலையோ கிடைக்கும் என்ற கணக்கு பின்னால் இருக்கும். அந்தக் கணக்கை நாங்கள் பழிக்கவில்லை. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் வாழ்க்கையையே திருப்பிவிடக்கூடும். ஆனால், அந்தக் கணக்குக்கு வெளியே, உடலை வருத்தி ஒன்றைச் செய்து முடிப்பதில் மனிதருக்குக் கிடைக்கும் நிறைவைப் பற்றிப் பேச நம்மிடம் சொற்கள் குறைந்துகொண்டே வருகின்றன. எங்கள் வருத்தம் அதைப் பற்றியது.

கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்கும் இடம் திருவான்மியூர். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன்பே விளக்கு மின்ன அவ்வழியே தெற்கு நோக்கிப் போகும் சைக்கிள்காரர்களை இப்பகுதிவாசிகள் அறிவார்கள். பலர் மாமல்லபுரம் வரை சென்று, சிற்றுண்டி முடித்துத் திரும்புகிறவர்கள். சிலர் மட்டும் 'பிரெவே' எனப்படும் நெடுந்தூரப் பயணத்துக்குத் தம்மைப் பழக்கிக்கொள்கிறவர்கள். சென்னையில் அத்தகைய பயணங்களை மெட்ராஸ் ராண்டனியர்ஸ் என்ற குழு நடத்துகிறது. அதன் விதிகள் நம் கவனத்துக்குரியவை.

200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300க்கு 20 மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40. உண்பதும் உறங்குவதும் பங்ச்சர் ஒட்டுவதும் இந்த நேரத்துக்குள்தான். வழியில் குறிக்கப்பட்ட இடங்களில் அட்டையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த இடங்களுக்கு இடையே நண்பரோ உறவினரோ காரில் பின்தொடர்ந்து வந்து உதவக்கூடாது. இவ்வளவு கறாரான ஏற்பாட்டில் முதல் பரிசு என்ற ஒன்று இல்லை. முதலில் வந்தவருக்கும் கெடு முடியும் தறுவாயில் வந்தவருக்கும் ஒரே தகுதிதான். பதக்கம் வேண்டுமென்றால் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம்!

இந்த வழக்கத்தின் வேர் பிரான்ஸில் இருக்கிறது. 1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகருக்குச் சென்று திரும்பும் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் பந்தயம் ஒன்று நடந்தது. அதை வென்ற சார்ல் தெரோன் எழுபத்தொரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டார். தொழில்முறை வீரர்களுக்கான அந்தப் பந்தயம் 1951க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால் அதே தடத்தில், பரிசை எதிர்பாராமல் ஓட்டுகிறவர்களுக்காக 1931 முதல் நடத்தப்பட்ட பயணம் இன்றுவரை உயிரோடிருக்கிறது. இப்போது நான்காண்டுகளுக்கு ஒருமுறை, 90 மணி நேரக் கெடுவுடன், 1904இல் தோன்றிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் அதை நடத்துகிறது. பரிசுப் பணம் இருந்த போட்டி நின்றுபோய், பரிசே இல்லாதது நிலைத்ததில் நாம் யோசிக்க ஏதோ இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சுயதிருப்தி என்பது தோற்றவர்கள் தமக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் அல்லவா? அளவுகோல் இல்லாத திருப்திக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தும் என்றே நாங்களும் கருதுகிறோம். நாலு தெரு சுற்றிவிட்டுத் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வது விளையாட்டு ஆகாது. ஆனால் பிரெவேயில் அளவுகோல் இருக்கிறது. அது யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை. 2019இல் பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் பயணத்துக்கு இந்தியாவிலிருந்து முன்னூறுக்கும் மேற்பட்டோர் சென்றார்கள். அதற்குத் தகுதி பெறவே அவர்கள் 200 முதல் 600 வரையிலான நான்கு தூரங்களையும் அவ்வாண்டு முடித்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் பெரும்பாலோரால் கெடுவுக்குள் பாரிஸ் திரும்ப முடியவில்லை. அயல்நாட்டு மேடுகளும் இரவுக் குளிரும் நம் சமவெளிப் பழக்கத்துக்கு மீறியவையாக இருந்தன. அவர்களுடைய உழைப்பு வீணா? பட்டியலைப் பார்த்தால் ஆம். ஆனால் 900ஆவது கிலோமீட்டரில் நிறுத்த நேர்ந்தவருக்குத் தன் உடலைப் பற்றியும் அச்சத்தைப் பற்றியும் தெரிந்திருப்பது, பட்டியலை மட்டும் படிக்கும் நமக்குத் தெரியாது. நாம் சொல்லும் நிறைவு வெற்றியின் மாற்றுப்பெயர் அன்று. தோல்வியையும் தாங்கிக்கொண்டு மீதமிருக்கும் அறிவு அது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. விலையுயர்ந்த சைக்கிளும் ஞாயிறு ஓய்வும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு அல்லவா இது? இதே சாலையில் பால் கேனும் மீன் கூடையும் கட்டிக்கொண்டு பிழைப்புக்காக மிதித்தவர்களை நாம் விளையாட்டு வீரர் என்று அழைத்ததில்லை. உண்மை. விதிகள் விலையுயர்ந்த வண்டியைக் கேட்பதில்லை; நல்ல விளக்கும் ஒளிரும் மேலங்கியும் போதும். ஆனால் ஓய்வு நேரத்தை எந்த விதியாலும் தர முடியாது. பின்னிரவில் மரக்காணத்து உப்பளங்களின் ஓரமாகத் தனியே மிதிக்க ஒரு பெண்ணுக்கு இருக்கும் தயக்கத்தையும் விதிகள் போக்கிவிடா. இந்நிறைவு எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்றால், முதலில் பள்ளியின் உடற்கல்வி வகுப்பைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரை வார்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கார்கள் பறக்கும் சாலையில் சைக்கிளுக்கும் ஓர் ஓரம் வேண்டும். இவற்றைக் கோராமல் தனிமனித விடாமுயற்சியை மட்டும் புகழ்வது பாதி நேர்மை.

இலக்கியம் பேசுகிற நமக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். சில நூறு பிரதிகளுக்கு மேல் போகாத பத்திரிகை. புத்தகங்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றவர் அவர். விற்பனை எண்ணிக்கையில் எத்தனையாவது என்று கேட்டிருந்தால் அவரிடம் சொல்ல எதுவும் இருந்திருக்காது. தமிழ்ப் புதுக்கவிதை வேரூன்றியது அந்தப் பக்கங்களில்தான். சிற்றிதழை மதிக்கத் தெரிந்த வாசகருக்கு, எவரும் கைதட்டாத சாலையில் எதிர்க்காற்றில் மிதிக்கும் ஒருவரைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்காது. இருவருமே யாரும் கேட்காத ஒரு வேலையைத் தாமே ஏற்று, அதன் கறாரான நியதிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர்கள்.

ஒரு சிறு மாற்றத்தை நம் வீடுகளிலேயே தொடங்கலாம் என்று தோன்றுகிறது. மைதானத்திலிருந்து திரும்பும் பிள்ளையிடமும், ஐம்பது வயதில் ஓடப் பழகும் அண்டை வீட்டுக்காரரிடமும், எத்தனையாவதாக வந்தீர்கள் என்று கேட்பதை ஒத்திவைப்போம். போன மாதம் முடியாத எது இப்போது முடிகிறது என்று கேட்போம். பதில் சொல்ல அவர்களுக்குச் சற்று நேரம் பிடிக்கும். காத்திருந்து கேட்பது நம் வேலை.