காணொலிக் காலத்தில் பெயர் மறைத்துப் பேச முடியுமா?

புதுதில்லி: 2009-ஆம் ஆண்டு ஐபிஎல் தொடர் தென்னாப்பிரிக்காவில் நடைபெற்றபோது, கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணியின் உள்விவகாரங்களை வெளியிடுவதாகக் கூறிக்கொண்ட வலைப்பதிவு ஒன்று நாடு முழுவதும் பரபரப்பை ஏற்படுத்தியது. 'ஃபேக் ஐபிஎல் பிளேயர்' என்ற புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் எந்த வீரர் என்ற ஊகங்கள் ஓயவில்லை. மறு ஆண்டு அவர் தாமாகவே வெளிப்பட்டார். அனுபம் முகர்ஜி என்ற அந்த நபர் கிரிக்கெட் வீரரே அல்லர்.

இன்று யூடியூபில் ஒருவர் இதையே முயன்றால், முகர்ஜியைப் போல ஓராண்டு மறைந்திருப்பது கடினம். எழுத்தில் மறைக்க வேண்டியது பெரும்பாலும் பெயர் ஒன்றுதான். காணொலியிலோ குரல், பின்சுவர், ஜன்னல் வழியே தெரியும் கட்டடம் என ஒவ்வொன்றும் காட்டிக்கொடுக்கும். முகத்தை மங்கலாக்கினாலும் பேச்சுவழக்கு ஊரைச் சொல்லிவிடும். நம் நாட்டில் சில வேளைகளில் சாதியையும் சொல்லிவிடும்.

இதனால் அதிகம் இழப்பவர்கள் பொழுதுபோக்குக்காகப் புனைபெயர் சூடியவர்கள் அல்லர். அலுவலக முறைகேட்டை அம்பலப்படுத்தும் ஊழியர், வீட்டில் நடக்கும் வன்முறையைப் பேசும் பெண் ஆகியோரே. புனைபெயரில் எழுதியவரை வாசகர்கள் அவர் சொன்ன செய்தியைக் கொண்டு எடைபோட்டனர். முகம் காட்டாமல் பேசுபவரிடம் பார்வையாளர்கள் முதலில் கேட்பது, "ஏன் ஒளிந்துகொள்கிறீர்கள்?" என்பதே.

முகம் தெரிந்தால் மட்டும் உண்மை உறுதியாகிவிடுமா? 2006-இல் 'லோன்லிகேர்ள்15' என்ற யூடியூப் கணக்கில் தன் அறையிலிருந்து அன்றாட வாழ்வைப் பகிர்ந்த 16 வயதுச் சிறுமியை ஏராளமானோர் நம்பினர். சில மாதங்களிலேயே அவர் ஜெசிகா ரோஸ் என்ற நடிகை என்பதும், காட்சிகள் எழுதி இயக்கப்பட்டவை என்பதும் தெரியவந்தது. அங்கே முகம் உண்மையானது, ஆள்தான் கற்பனை.

2023 நவம்பரில் பரவிய போலிக் காணொலி இதையும் தாண்டியது. வேறொரு பெண்ணின் காணொலியில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகம் பொருத்தப்பட்டிருந்தது. ஒருவரின் முகமும் மற்றொருவரின் உடலும் அனுமதியின்றி எடுத்தாளப்பட்டன. நடிகைக்காக நாடே குரல் கொடுத்தது. மற்றப் பெண்ணைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. இவ்வழக்கில் 2024 ஜனவரியில் தில்லி காவல் துறை ஒருவரைக் கைது செய்தது.

அதே தொழில்நுட்பம் காவலாகவும் பயன்பட்டிருக்கிறது. செச்சினியாவில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் வேட்டையாடப்பட்டதைப் பதிவுசெய்த 'வெல்கம் டு செச்சினியா' என்ற 2020-ஆம் ஆண்டு ஆவணப்படத்தில், தப்பி வந்தவர்களின் முகங்கள் மீது தன்னார்வலர்களின் முகங்கள் கணினி வழியே பொருத்தப்பட்டன. கண்ணீரும் அச்சமும் திரையில் தெரிந்தன, ஆள் தெரியவில்லை. அவர்களுள் ஒருவரான மாக்சிம் லாபுனோவ் பகிரங்கமாகப் புகார் தெரிவிக்கும் காட்சியில், மாற்று முகம் கரைந்து அவருடைய சொந்த முகம் வெளிப்படுகிறது. எப்போது வெளிப்படுவது என்பதை அவரே தீர்மானித்தார்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. நடிகர் அனில் கபூரின் பெயர், குரல், உருவத்தை அனுமதியின்றிப் பயன்படுத்த தில்லி உயர் நீதிமன்றம் 2023-இல் தடை விதித்தது. ஆனால், கைப்பேசி முன் அமர்ந்து முறைகேட்டைச் சொல்ல நினைக்கும் ஊழியரிடம் வழக்கறிஞர் படையும் இல்லை, திரைப்படக் குழுவின் கணினிகளும் இல்லை. கேமராவுக்கு முதுகு காட்டி அமர்வதே இப்போதைக்கு அவருக்குள்ள வழி.