ஆறாவது வாரத்து அழுகை

பிரியமான சகோதரியே, பேறுகாலத்திற்குத் துணையாக வந்த தாயார் ஊருக்கு ரயிலேறிவிட்டார். மும்பையிலோ பெங்களூரிலோ ஒற்றை அறை வீட்டில் கைக்குழந்தையோடு தனித்திருக்கிறீர்கள். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று; குழந்தையோ சாயங்காலந்தொட்டு வீறிட்டு அழுகிறது. "உனக்குப் பால் போதவில்லை" என்கிறார் ஒருவர். "வளர்க்கத் தெரியவில்லை" என்கிறார் மற்றொருவர். "நான் ஜெபத்தில் குறைவுபட்டேனோ" என்று நீங்களும் உங்களையே குற்றப்படுத்துகிறீர்கள். அப்படி எண்ணாதிருங்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன், 80 குழந்தைகளின் அழுகையை ஆராய்ந்து 1962-ஆம் ஆண்டு வெளியிட்டார். நலமான குழந்தைகளே இரண்டாவது வாரத்திலிருந்து மிகுதியாக அழத் தொடங்கி, ஆறாவது வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. அதன்பின் அழுகை படிப்படியாகக் குறைந்தது. அந்த அழுகையும் பெரும்பாலும் மாலை வேளையிலேயே மிகுந்திருந்தது. இது வளர்ச்சியின் ஒரு பருவம். தாயின் குறை அன்று. நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் கூடிவந்தால், பால் போதுகிறது என்றே அறியுங்கள்.

உறக்கமும் அவ்வாறே. பிறந்த குழந்தை நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை உறங்கினாலும், துண்டு துண்டாகவே உறங்கும். இரவு பகலை வேறுபடுத்தும் உடற்கடிகாரம் அமைய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதன் உறக்கத்தில் பாதி, முகம் சுளித்து, கைகால் அசைத்து, முனகும் உறக்கம். முனகியவுடன் தூக்கிவிடாமல் சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

அழும் குழந்தையை அமர்த்த ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தார் 2022-இல் ஒரு வழியைக் கூறினர். குழந்தையை அணைத்தபடி ஐந்து நிமிடம் நடவுங்கள். உறங்கியதும் உடனே கிடத்தாமல், ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து, பின்பு மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

எல்லாம் செய்தும் அழுகை ஓயாத இரவும் உண்டு. உறக்கமிழந்தவருக்குக் கோபம் மூளுவது இயல்பே. ஆனால் எக்காரணம் கொண்டும் குழந்தையைக் குலுக்காதீர்கள். அதன் கழுத்து வலுவற்றது. சில நொடி குலுக்கினாலும் மூளையில் இரத்தம் கசிந்து, பார்வையோ உயிரோ போகக்கூடும். கை நடுங்குமளவு கோபம் வந்தால், குழந்தையைப் பத்திரமாகக் கிடத்திவிட்டு, வாசலில் போய்ச் சில நிமிடம் நில்லுங்கள். மனம் அமர்ந்தபின் திரும்பி வாருங்கள்.

சகோதரரே, இது உமக்கும் உரியது. பால் கொடுக்க மாத்திரமே உம்மால் இயலாது. மற்ற யாவும் இயலும். இரவில் தொடர்ந்து நான்கு மணி நேரமாவது உம் மனைவி உறங்கும்படி குழந்தையை ஏந்திக்கொள்ளும். சபையின் மூத்த சகோதரிகளே, அவ்வீட்டைச் சந்திக்கும்போது ஆலோசனையோடு நிறுத்தாமல், ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் கண்டாலும், பால் மறுத்துத் துவண்டாலும், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். தாயின் மனச்சோர்வு இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தாலும் அப்படியே செய்யுங்கள்.