முந்நூறு ரூபாயில் பட்டதாரி ஆக முடியுமா?



காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டிலும் நூறடி ரோட்டிலும் மாலை ஆறு மணிக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். ஜவுளிக்கடை வாசலில் நின்று "வாங்கண்ணா, வாங்கக்கா" என்று கூவுகிற பையன், செல்போன் கடையில் திரைக்குக் கண்ணாடி ஒட்டுகிற பையன், பிரியாணிக் கடையில் பார்சல் கட்டுகிற பையன்... இவர்களில் எத்தனை பேர் கரும்புக்கடையிலிருந்தும் கோட்டைமேட்டிலிருந்தும் குனியமுத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிற நம் பிள்ளைகள்! ஒருவனை நிறுத்தி, ப்ளஸ் டூவில் எத்தனை மார்க் என்று கேளுங்கள். நானூறைத் தாண்டியவனும் இருப்பான். பிறகு ஏன் தம்பி காலேஜுக்குப் போகவில்லை என்று கேளுங்கள். "வீட்டுல கஷ்டமுங்க" என்பான். அதற்குமேல் பேசமாட்டான். வாடிக்கையாளர் வந்துவிடுவார்.

அந்தக் "கஷ்டம்" என்ற ஒரு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை அரசு அதிகாரிகளும் புரிந்துகொள்ளவில்லை, நம்மில் பலரும் புரிந்துகொள்ளவில்லை. ஃபீஸ் கட்ட முடியாததுதான் கஷ்டம் என்று நினைக்கிறோம். அரசுக் கலைக்கல்லூரியில் ஃபீஸ் பெரிய தொகையா? இல்லையே! அதை எப்படியாவது புரட்டிவிடலாம். ஜமாஅத்தில் கேட்கலாம், மாமாவிடம் கேட்கலாம், அம்மாவின் கம்மலை அடகு வைக்கலாம். புரட்ட முடியாதது வேறொன்று. கடைக்குப் போனால் அந்தப் பையன் மாதம் பத்தாயிரமோ பன்னிரண்டாயிரமோ கொண்டுவருவான். காலேஜுக்குப் போனால் மூன்று வருடத்துக்கு அது வராது. வாடகையும் மளிகைக் கடனும் அக்காவின் கல்யாணச் சீட்டும் மூன்று வருடம் காத்திருக்குமா? ஏழை வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு உண்மையான விலை, அவன் கொண்டுவராமல் போகிற அந்தச் சம்பளம்தான். அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது ஈடுகட்டாத எந்த உதவித்தொகையும் பேருக்குத்தான் உதவித்தொகை!

நமது மாநிலத்துக்கு இது புதிய பாடமா? காமராஜர் முதல்வராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் கட்டினால் மட்டும் பிள்ளை வராது, வயிறு நிறைய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்தது. எல்லாம் நல்லது. மனதாரப் பாராட்டுவோம். ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறதே, பசியும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறதா?

இப்போது மத்திய அரசின் கணக்கைப் பாருங்கள். பிரதமரின் 15 அம்சத் திட்டம் 2006இல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சச்சார் குழு அறிக்கை வந்தது. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் நாட்டில் ஏறத்தாழ 7 சதவீதம், முஸ்லிம்களில் 4 சதவீதம்கூட இல்லை என்று 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து அந்தக் குழு எழுதியது. அதன் தொடர்ச்சியாக 2007இல் சிறுபான்மை மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வந்தது. பட்டப்படிப்பு படிக்கிற மாணவனுக்கு, வீட்டிலிருந்து போய்வருகிறவன் என்றால், பராமரிப்புத் தொகை மாதம் 300 ரூபாய். விடுதியில் தங்கினால் 570. அதுவும் வருடத்துக்கு 10 மாதம்தான். கல்விக் கட்டணத்துக்கு அதிகபட்சம் ஆண்டுக்கு 3,000.

வணிகப் பெருமக்களே, கணக்கு உங்களுக்குக் கைவந்த கலை. நீங்களே போடுங்கள். 300ஐப் பத்தால் பெருக்கினால் 3,000. அதை 365ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு எட்டு ரூபாய் சொச்சம். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் எட்டு ரூபாய்க்கு ஒரு டீ வாங்கிக் காட்டுங்கள் பார்க்கலாம்! திட்டம் தொடங்கிய 2007இல் ஒரு சவரன் தங்கம் பத்தாயிரத்துக்கும் கீழே இருந்தது. இன்றைய விலையைப் பெரிய கடைவீதியில் கேளுங்கள். தங்கம் ஏறியது, வாடகை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது. மாணவனின் பராமரிப்புத் தொகை மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை.

அரசு ஊழியருக்கு விலைவாசிக்கேற்ப ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி. கொடுக்கட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு? 2018இல் சட்டம் போட்டு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டின்படி சம்பளம் தானாக உயரும்படி செய்துகொண்டார்கள். மாதம் 1 லட்சமாக இருந்தது 1 லட்சத்து 24 ஆயிரமானது. 2025 மார்ச்சில் அறிவித்து, 2023 ஏப்ரலில் இருந்தே முன்தேதியிட்டுக் கொடுத்தார்கள். விலைவாசி ஏறினால் தனக்குச் சம்பளம் ஏறவேண்டும் என்று தெரிந்த மனிதருக்கு, மாணவனும் அதே சந்தையில்தான் அரிசி வாங்குகிறான் என்று தெரியாமல் போனது எப்படி?

வருமான வரம்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2 லட்சத்தைத் தாண்டக்கூடாது. மாதம் பதினாறாயிரத்துச் சொச்சம். வாப்பா ஒரு கடையில் வேலை பார்த்து, உம்மா வீட்டில் தையல் மெஷின் மிதித்தாலே வரம்பு உடைந்துவிடும். தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கும் வரம்பு இரண்டரை லட்சம்தான். ஆனால் 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கு 10 சதவீத இட ஒதுக்கீடு கொண்டுவந்தார்களே, அதில் நலிந்தவர் என்பதற்கு வரம்பு என்ன? 8 லட்சம்! ஏழு லட்சத்துத் தொண்ணூறாயிரம் சம்பாதிக்கிறவர் நலிந்தவர். இரண்டு லட்சத்து ஐயாயிரம் சம்பாதிக்கிற கடைச் சிப்பந்தி வசதியானவர். ஒரே அரசின் ஒரே பேனா எழுதிய இரண்டு வரிகள் இவை!

இந்தச் சொற்பத்தையாவது விட்டுவைத்தார்களா? 2022இல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர் உதவித்தொகையை நிறுத்தினார்கள். கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கிறது, இலவசமாகத்தானே படிக்கிறார்கள் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில், ஆராய்ச்சி மாணவர்களுக்கு 2009 முதல் கொடுத்துவந்த மௌலானா ஆசாத் தேசிய ஃபெல்லோஷிப்பை இனிப் புதிதாக யாருக்கும் இல்லை என்று நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார்கள். வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கான வட்டி மானியமும் அந்த ஆண்டோடு போயிற்று. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு 2024-25 பட்ஜெட்டில் 1,145 கோடி ஒதுக்கியவர்கள், 2025-26இல் 414 கோடியாக வெட்டினார்கள்.

ஃபெல்லோஷிப்பை நிறுத்தியதற்குச் சொன்ன காரணம், வேறு திட்டங்களோடு ஒன்றின்மேல் ஒன்று படிகிறதாம். ஒருவரே இரண்டு இடத்தில் வாங்கினால் ஆதார் எண்ணை வைத்து ஒன்றை நிறுத்துங்கள். இரண்டு குடை வைத்திருப்பவனைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் ஊரில் உள்ள குடையை எல்லாம் பிடுங்குவதா?

இன்னொரு காரணம் ஊழல். 2023 ஆகஸ்டில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. ஆய்வு செய்த 1,572 கல்வி நிறுவனங்களில் 830 போலி என்றும், 144 கோடியே 83 லட்சம் ரூபாய் சுருட்டப்பட்டது என்றும் சொன்னார்கள். சுருட்டியவனை உள்ளே தள்ளுங்கள். அதில் நமக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நம் பெயரைச் சொல்லி நம் பிள்ளையின் பணத்தைத் தின்றவன் அவன். ஆனால் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு அனுமதி கொடுத்துச் சரிபார்ப்புக் கையெழுத்துப் போட்டது யார்? மாணவனா? ரேஷன் கடையில் எடை குறைந்தால் கடைக்காரனைப் பிடிப்பார்களா, ஊருக்கே அரிசியை நிறுத்துவார்களா?

உயர்கல்வி குறித்து மத்திய அரசே எடுத்த கணக்கெடுப்பில் 2019-20இல் 21 லட்சமாக இருந்த முஸ்லிம் மாணவர் எண்ணிக்கை, கொரோனா ஆண்டான 2020-21இல் 19 லட்சத்து 21 ஆயிரமாக விழுந்தது. அதே ஆண்டு மற்ற பின்தங்கிய பிரிவுகளில் எண்ணிக்கை உயர்ந்தது. அடுத்த ஆண்டு நாம் பழைய அளவுக்குத் திரும்பினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு தட்டுத் தட்டினால் முதலில் காலேஜை விட்டு இறங்குகிற பிள்ளை யாருடையது என்பதை அந்த ஓராண்டு காட்டிவிட்டது. கையில் மாத வரவு இல்லாத வீட்டில் அப்படித்தான் நடக்கும்.

"அதுதான் கல்விக் கடன் கொடுக்கிறோமே" என்பார்கள். 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி என்று ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். பிணை வேண்டாம், குறிப்பிட்ட வருமானத்துக்குள் இருந்தால் வட்டியில் 3 சதவீதம் தள்ளுபடி. மீதி வட்டி? வட்டி வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கிற ஒரு சமுதாயத்திடம், உன் மார்க்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து படி என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மார்க்கத்தை விடுங்கள். வேலை கிடைக்குமா என்று தெரியாத பதினெட்டு வயதுப் பையன் தலையில் லட்சக்கணக்கில் கடனை ஏற்றி அனுப்புவது எந்த மதத்துக்காரனுக்கு நியாயம்?

ஜெர்மனி நாட்டில் 1971 முதல் பாஃபேக் என்றொரு சட்டம் இருக்கிறது. பெற்றோர் வருமானம் குறைந்தால் மாணவனுக்கு மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்குப் பணம். 2024 முதல் உச்சத் தொகை 992 யூரோ. அதில் பாதி திருப்பித் தரவேண்டாம். மறுபாதி கடன், அதற்கு வட்டி கிடையாது! முஸ்லிம்களுக்காகவா அந்தச் சட்டம் போட்டார்கள்? நியாயத்துக்காகப் போட்டார்கள். பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்கிறீர்களா? சரி, பக்கத்தில் இலங்கைக்கு வாருங்கள். 1981இல் தொடங்கிய மஹாபொல நிதியிலிருந்து சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பாராமல் ஏழைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மாதத் தொகை கொடுக்கிறார்கள். நாடே திவாலாகி எழுந்து நிற்க முடியாத நிலையிலும், 2025 பட்ஜெட்டில் அதை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்கள். அவர்கள் ரூபாயின் மதிப்பு நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லைதான். ஆனாலும் நம் முந்நூறைவிடப் பல மடங்கு!

இனி நம் மாநில அரசு. 2024 ஆகஸ்ட் 9 அன்று தமிழ்ப் புதல்வன் திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தது வேறெங்கும் அல்ல, நமது கோவை அரசு கலைக்கல்லூரியில்தான். மாதம் 1,000 ரூபாய், நேராக மாணவனின் வங்கிக் கணக்கில். மாணவியருக்கு 2022 முதலே புதுமைப் பெண் இருக்கிறது. சாதி, மதம் கேட்காமல், இடைத்தரகர் இல்லாமல், மாதாமாதம். கொடுக்கிற முறை என்றால் இதுதான் முறை. இதை மறைத்துப் பேசுவது நன்றிகெட்டதனம்.

ஆனால் யாருக்கு? ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவருக்கு. அரசுப் பள்ளியையும் தமிழ்வழியையும் ஊக்குவிக்க அப்படி வைத்தார்கள், அந்த நோக்கத்தோடு நமக்குச் சண்டையில்லை. ஆனால் நம் தெருவில் என்ன நடக்கிறது? "இங்கிலீஷ் படிச்சாத்தான் பொழைக்க முடியும்" என்று வட்டிக்கு வாங்காமல் வயிற்றைக் கட்டி, பக்கத்துச் சந்திலுள்ள சின்ன மெட்ரிகுலேஷன் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தார் ஒரு தள்ளுவண்டிக்காரர். அந்தப் பிள்ளை காலேஜுக்கு வந்தால் ஒரு ரூபாய் கிடையாது. பகலில் கடையில் நின்றுகொண்டு தொலைநிலைக் கல்வியில் பி.காம். படிக்கிறானே, அவனுக்கும் கிடையாது. படித்த பள்ளியைப் பார்க்கிற அரசு, வீட்டு அடுப்பையும் ஒரு கண் பார்க்க வேண்டாமா? இருப்பவருக்கு இருப்பது தொடரட்டும். அதோடு, எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் குடும்ப வருமானம் குறைவு என்றால் மாதத் தொகை உண்டு என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஆயிரமும் விலைவாசியோடு சேர்ந்து ஏறட்டும். இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்து அதுவும் ஒரு முந்நூறாகி நிற்கும். இதை நம் பிள்ளைக்கு மட்டும் கேட்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற அருந்ததியர் வீட்டுப் பெண்ணுக்கும், பொள்ளாச்சித் தோப்பில் தேங்காய் உரிக்கிற வீட்டுப் பையனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

பணம் எங்கே என்பவருக்கு ஒரு தகவல். 2019 செப்டம்பரில் பெரிய கம்பெனிகளுக்கு வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி வருவாய் போகும் என்று அரசே சொன்னது. அப்போது யாரும் "இலவசம்" என்று முணுமுணுக்கவில்லை!

கடைசியாக, வணிகச் சகோதரர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. கசந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "நான் எட்டாவதுதான் படிச்சேன், இன்னைக்கு மூணு கடை" என்று சொல்லி, படிக்கிற பையனைக் கல்லாவுக்கு இழுக்கிறவர்கள் நம்மில் உண்டு. உங்கள் காலத்தில் சிறிய அட்வான்ஸில் ஒரு கடை பிடிக்க முடிந்தது. இன்று கிராஸ்கட் ரோட்டில் அட்வான்ஸ் என்ன? செல்போனிலேயே சரக்கு வாங்குகிற காலத்தில் உங்களுக்கே வியாபாரம் எப்படிப் போகிறது? உங்கள் கடைச் சிப்பந்தி ஒருநாள் சொந்தக் கடை வைப்பான் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வீர்களா? அவனுக்குப் பகல் ஷிஃப்டை விட்டுக்கொடுத்து மாலை நாலு மணிக்கு மேல் வேலை கொடுங்கள். ரமலானில் வாசலில் வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு நூறு கொடுக்கிற ஜகாத்தில் ஒரு பங்கை, உரிமையுள்ள இரண்டு மாணவர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் போய்ச் சேரும்படி ஜமாஅத்தில் எழுதிவையுங்கள்.

அதைச் செய்கிறோம் என்பதற்காக அரசை விட்டுவிடக் கூடாது. உங்கள் ஜி.எஸ்.டி. கணக்கு மாதாமாதம் தேதி தவறாமல் போகிறது. ஒரு நாள் தாமதமானால் அபராதம் போடுகிறார்கள். அடுத்தமுறை கடை வாசலில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்க வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக் கேளுங்கள்: "மெம்பர் ஆனா உங்க சம்பளம் தானா ஏறுது. எங்க பையனோட முந்நூறு எப்பங்க ஏறும்?"